கழுத்தில் ஒரு விரிசல்

குருவே கிராமம்,
ஆகஸ்ட் 4

அன்புத் தம்பி தவாண்டா,

நீ சுகமென்றால் நாங்களும் சுகம். உன் வெளிநாட்டு வியாபாரி கேட்ட பெரிய சிலை, பிள்ளையைச் சுமக்கும் தாய், முடிந்தது. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. மெழுகு பூசுவதற்காகக் கல்லைச் சுற்றித் தீ மூட்டியிருந்தோம். அது தானாக ஆற ஒரு பகல் வேண்டும். உன் லாரிக்காரன் சொன்ன நாளுக்கு முன்பே வந்து ஹாரன் அடித்தான். அவசரத்தில் நானே பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். லாரியை வெறுமனே அனுப்பிவிட்டேன். வேறு கல்லில் செதுக்கித் தருகிறேன், அவரிடம் இரண்டு மாதம் தவணை கேள். சோளம் பொய்த்த வருஷம். இங்கே சிலை செதுக்கும் பதினோரு வீட்டு அடுப்பும் அவரை நம்பித்தான் இருக்கிறது. இது தெரியாமல் கேட்கவில்லை.

உன் அக்கா,
செக்கேசாய்

ஹராரே,
ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

இரண்டு மாதமா? அவர் மாதக் கடைசியில் விமானம் ஏறுகிறார். இது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்களிடம் போய்விடுவார். கல்பொடியைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு, மறுபடி மெழுகு பூசு. நம் ஊரில் யார்தான் செய்யவில்லை? நீ ஐந்தாம் வகுப்பு. வியாபாரத்தை என்னிடம் விடு. 21-ஆம் தேதி லாரி வரும்.

தவாண்டா

குருவே கிராமம்,
ஆகஸ்ட் 21

தம்பி,

அடைத்துவிட்டேன். எல்லா வீட்டாரும் வந்து விரலால் தடவிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அகப்படவில்லை. கிழவர் சிடோலே, "செக்கேசாய், என் பொண்டாட்டி கழுத்துகூட இவ்வளவு வழவழப்பு இல்ல. இது பேசாது வேற" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அடியில் என் பெயரைப் பொறித்தேன். கை அதோடு நிற்கவில்லை. 'கழுத்தில் ஒட்டு உண்டு' என்றும் பொறித்துவிட்டேன். அவரிடம் கவிழ்த்துக் காட்டு. எடுத்தால் எடுக்கட்டும். எடுக்காவிட்டால் பதினோரு வீட்டுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை லாரிக்காரன் கையிலேயே தருகிறேன்.

அக்கா

ஹராரே,
ஆகஸ்ட் 28

அக்கா,

வாங்கிவிட்டார். இன்னும் இருபது சிலை வேண்டுமாம். அந்த வரியை மட்டும் தனியாகத் தேய்க்க முடியவில்லை. அவருக்குக் காட்டுமுன் அடி முழுவதையும் தேய்த்தேன். உன் பெயரும் போய்விட்டது. யார் செதுக்கியது என்று கேட்டார். நான் என்றேன். கோபித்துக்கொள்ளாதே. எல்லார் வீட்டிலும் இனி சட்ஸாக் களி வேகும்.

தவாண்டா

குருவே கிராமம்,
செப்டம்பர் 5

தவாண்டா,

உன் கடிதத்தை எல்லா வீட்டாருக்கும் படித்துக் காட்டினேன். ஏழு வீட்டார் உன் லாரியில் சிலை ஏற்றுவார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, நான் தடுக்கவில்லை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருபதில் என் உளி பட்ட கல் ஒன்றும் இராது.

யார் செதுக்கியது என்று அவர் மறுபடி கேட்டால், சொன்னதையே சொல். செதுக்கிக் காட்டு என்று கேட்டால் மட்டும் எனக்கு எழுதாதே.

செக்கேசாய்