ஏலத்தில் போன ஸ்டெப்னி

இரணியல்,
செவ்வாய்க்கிழமை.

என் மூத்த மகன் ஷாஜனுக்கு அம்மா தேவகனி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் தம்பி எபிசனும் ஆடு கோழி உட்பட இங்கே எல்லாரும் சுகம். நீயும் பெமிலாவும் என் செல்லக்குட்டி ரெனிஷாவும் அந்த மஸ்கட் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க காலையிலும் அந்தியிலும் முழங்காலில் நின்று கேட்கிறேன். முழங்கால் இப்போது மடங்கவில்லை, கட்டிலில் இருந்துகொண்டுதான் கேட்கிறேன், அது கர்த்தருக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஸ்டெப்னி என்று வாயைத் திறந்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம், அம்மா பேசுவது தாரா வாத்து கத்துவது போல இருக்கிறது என்று சிரிக்கிறாயாம், பெமிலாவே சொன்னாள். கடிதத்தை ஓடவிட முடியாது மக்கா. மஸ்கட்டில் உன் கூட்டாளி ஆன்றோவுக்கு லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்ப விமானம் ஏறுகிறான், அவன் கையில் ஏத்தங்காய் சிப்ஸும் நல்லமிளகும் குட்டிக்கு முந்திரிக்கொத்தும் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதத்தை பெமிலா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சத்தமாக வாசிக்கட்டும், நீ இருந்து கேள்.

ரெனிஷா சண்டே கிளாஸில் வேதத்துச் சங்கீதம் ஒன்றை முழுவதும் தப்பில்லாமல் சொல்லிப் பரிசு வாங்கியதை நான் இங்கே சொல்லாத ஆள் இல்லை. மீன்காரியிடமும் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு வீடியோவில் வந்து, பாட்டி இங்க பாருங்க என்று வாயைத் திறந்து காட்டினாளே, மேலே முன்பல் இரண்டும் இல்லை, கோட்டாற்றுப் பழைய பலகைக்கதவுக் கடைகளில் காலையில் நடுப்பலகை இரண்டை மட்டும் எடுத்துவைத்த மாதிரி இருந்தது. மூக்கு என் மூக்கு, அதில் பெமிலா வீட்டார் பங்கு கேட்க வேண்டாம். விழுந்த பல்லை எறிய அங்கே ஓட்டுக்கூரை இல்லை என்று குட்டி அழுதாள், பத்திரமாக வை மக்களே, ஊருக்கு வரும்போது நம்ம கூரையில எறியலாம் என்றேன்.

அதே வீடியோவில்தான் நீ வண்டியைச் சுற்றிக் காட்டினாய். தண்ணீர் டாங்கி, கூடாரம், அடுப்பு, புதிதாகக் குட்டி ஃபிரிட்ஜ். எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஃபிரிட்ஜ் இருக்கிற இடத்தில் முன்பு மாற்று டயர், அந்த ஸ்டெப்னி, நின்றது. அதைக் கேட்டதற்கு நீ, பெரிய டயரு வெறுதே இடத்த அடைக்கி அம்மா, குட்டி டயரு ஒண்ணு அடியில கெடக்கு, பஞ்சர் ஒட்டுத கிட்டும் இருக்கு, பேடிக்காண்டாம், ஒண்ணும் ஆவாது என்றாய். அடுத்த வார லீவில் குட்டியையும் கூட்டிக்கொண்டு போன் எடுக்காத மணல்காட்டுக்குள் போகிறாயாம். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்பு வரவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன், சோறு குழைந்துபோகிறது, கோழிக்கு இரண்டு தடவை தீனி போட்டுவிட்டேன். ஏன் என்று இனி சொல்லத்தான் வேண்டும். அண்ணனுக்குத் தெரியாண்டாம் என்று எபிசன் என் வாயைக் கட்டிவைத்திருந்தான், இன்றோடு அவிழ்த்துவிட்டேன்.

எபிசன் தன் பிக்கப்பில் ஸ்டெப்னியை எப்படி வைத்திருப்பான் என்று உனக்குத் தெரியும், அடியில் தொங்கினால் மலைப்பாதையில் கல் தட்டும் என்று பின்னால் தொட்டியில் நிறுத்திப் பூட்டியிருப்பான், மற்ற நாலும் போல முழு அளவு, பட்டன் தேயாத டயர். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கைச் சாமான் முழுவதும் நம் வண்டியில்தான் சபைக் கோயிலுக்கு வந்தது. செந்துளுவன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு மூடை, சக்கைப்பழம், காலைக் கட்டிய சேவல், இடம் போதவில்லை. முதல் நடைக்கே ஸ்டெப்னியைக் கழற்றிக் கோயில் சுவரில் சாய்த்துவைத்தான். வைத்த இடத்தைப் பார், காணிக்கையாக வந்ததை ஏலம் விட அடுக்குகிற இடம். வைத்துவிட்டு அசன விருந்துச் சோறு விளம்பப் பந்திக்குப் போய்விட்டான். ஏலம் விட்டது யோவான், மைக் கையில் கிடைத்தால் அவனுக்கு வீடுவாசல் ஞாபகம் வராது. சேவல் போனது, குலை போனது, அடுத்தாற்போல் அந்த டயரைத் தூக்கி நிறுத்தி, தேவகனி அம்மா குடும்பத்துக் காணிக்கை, புத்தம்புது டயரு, இதுவர யாராச்சும் இப்பிடிக் குடுத்திருக்கியளா என்று ஊர் முழுக்கக் கேட்கக் கூவிவிட்டான். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. பாதிரி ஐயர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். நானும் தலையாட்டினேன், வேறு என்ன செய்ய? எபிசன் சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்து, அம்மா, அது நம்ம ஸ்டெப்னில்லா, எந்திச்சு சொல்லுங்கோ என்றான். சட்டையைப் பிடித்து இழுத்து, சும்மா இருலே, மைக்கில சொன்ன பொறவு திருப்பிக் கேட்டா நாளைக்கு நான் எந்த மொகத்தோட முன் பெஞ்சில இருக்கது என்று காதில் சொன்னேன். ஏலத்தில் எடுத்தவர் சுயம்புராஜ், ஸ்டேஷன் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கிறாரே, நெற்றியில் நாமத்தோடு வருஷம் தவறாமல் நம் ஏலத்துக்குக் குலை எடுக்க வருவார், அவர்தான். டயர் எதுக்கு என்று கேட்டவர்களிடம், கடைக்கு முன்ன போட்டா சாயா குடிக்கவனுக்கு இருக்கலாம்லா என்றாராம்.

வேறு டயர் வாங்கிப் போடு என்று நான் சொன்னேன், சொல்லவில்லை என்று சொல்லாதே. எபிசன்தான், மலைக்கு ஒரு நடைதான அம்மா, வந்து பாத்துக்கிடலாம், பஞ்சர் கிட்டு கெடக்கு என்றான். நீ சொன்ன அதே பேச்சு, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே. கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற என் சித்தி மகள் பேபி காய்ச்சலில் கிடக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னதால் நானும் கூடப் போனேன். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது பேபியைப் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு வருகிறோம், ஓடையைத் தாண்டி மேலே ஏறுகிற இடத்தில் ஒரு சத்தம், பாறைமுனை பின் டயரின் பக்கத்தைக் கத்தி வைத்த மாதிரி கிழித்துவிட்டது. எபிசன் கிட்டை எடுத்துத் திரியைத் திணித்துத் திணித்துப் பார்த்தான், காற்று என் காலில் வந்து அடித்தது. தரையில் உருளுகிற பாகத்தில் ஆணி ஏறினால் ஒட்டலாமாம், சைடு கிழிந்தால் எந்த ஒட்டும் நிற்காதாம். அவன் எழுந்து போய்த் தொட்டியில் ஸ்டெப்னி நிற்கிற இடத்தில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். குறை சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன்.

போன் எடுக்கவில்லை, மழை மூடிக்கொண்டு வருகிறது, வழியில் ஆனை போட்ட சாணப் பிண்டம் ஆவி பறக்கக் கிடக்கிறது. அவன் தோட்டத்து ஜீப்பைத் தேடி நடந்து போய்விட்டான். பேபி காய்ச்சல் மயக்கத்தில், அக்கா, ஆன வந்தா நீங்க ஓடிருங்கோ, என்ன நோக்காண்டாம் என்கிறாள். ஏட்டி, ஓடுத ஆளப் பாத்தியா என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கை அடுப்புக்கல் போலச் சுட்டது. தோட்டத்து ஜீப் ஓட்டமில்லாமல் கிடந்ததாம், எபிசன் கடைசியில் அதன் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான், நட்டு பொருந்தியது, ஆனால் டயர் சிறிது, வண்டி ஒரு பக்கம் நொண்டியாக நின்றது. அளவு குறைந்த டயர் கிடக்கும்போது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர்வீல் போட்டால் உள்ளே கியர் ஒன்றோடொன்று இழுத்து உடையும் என்று போடாமலே இறக்கினான். சேற்றுக்கு வந்ததும் வண்டி தன்னாலே பள்ளத்துப் பக்கம் வழுக்குகிறது. வேறு வழியில்லாமல் ஃபோர்வீலைப் போட்டான், அடியில் எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது, அதோடு வண்டி நின்றது. பின்னால் வந்த பால்வெட்டுக்காரர்கள் பேபியை ஒரு நாற்காலியில் இருத்தி நனைந்துகொண்டே கீரிப்பாறைக்குத் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். எலிக்காய்ச்சலாம், இன்னும் பிந்தியிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டர் எங்களை ஏசினார். இப்போது வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் வயிற்றைத் திறந்து கிடக்கிறது.

கேள்விப்பட்டு சுயம்புராஜ் அந்த டயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து நம் முற்றத்தில் உருட்டிவிட்டார். ஏலத்துல எடுத்தது என் சாமானம், அத யாருக்குக் குடுக்கணும்னு நான் பாத்துக்கிடுவேன், நீங்க ஒண்ணும் மைக்குல சொல்லாண்டாம் அம்மா என்றார். வாங்கிக்கொண்டேன் மக்கா. முன் பெஞ்சில் இருக்கிறவள்தான், ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நீ சொல், எங்களுக்கு நாற்காலி கொண்டுவர அந்த மலையிலும் ஆள் இருந்தது. உன் மணல்காட்டில் யார் கொண்டுவருவார்? குட்டி டயர் தார் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வரை போகத்தான் ஆகும், மணலில் அது புதைந்துவிடும், ஃபோர்வீலும் போட முடியாது, நான் கண்ணால் பார்த்தது. அந்த ஃபிரிட்ஜை இறக்கிவை. குளிர்ந்த ஜூஸ் இல்லாவிட்டால் குட்டி வாடிவிட மாட்டாள். பெரிய ஸ்டெப்னியை மாட்டு, மாட்டினால் போதாது, அதிலும் காற்று இருக்கிறதா என்று பார், வெயிலில் கிடந்து இறங்கியிருக்கும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை எடுத்துக்கொள், வெறும் மணலில் ஜாக்கி கீழே போகும், வண்டி மேலே வராது. தனி வண்டியாகப் போகாதே, கூட ஒரு வண்டி வேண்டும்.

நேற்று நீ அனுப்பிய படத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பெரிய ஸ்டெப்னியத் திரும்ப மாட்டியாச்சு அம்மா, பாருங்கோ என்று அனுப்பினாயே. வண்டியின் பின்னால் டயர், பக்கத்தில் ரெனிஷா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எபிசனிடம் காட்டினேன், பக்கத்து வீட்டில் போய்க் காட்டினேன், என் மூத்தவன் என் சொல்லைத் தட்ட மாட்டான் என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். பிறகு மத்தியானம் சோறு தின்று, குட்டி முகத்தை ஒரு தடவை கொஞ்சலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். மேலே முன்பல் இரண்டும் முத்துப் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத பல் திங்கட்கிழமை முளைக்குமா மக்கா? நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனாலும் என் பேத்தியின் வாய் எனக்குத் தெரியும். பழைய படத்தை எடுத்து அனுப்பியிருக்கிறாய். கோபம் வந்தது, இத்தனை எழுதியதில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ எனக்குப் பயந்து பொய் சொல்லவில்லை, நான் கவலைப்படக் கூடாது என்று சொன்னாய், அதுவும் தெரியும். பக்கத்து வீட்டில் நான் ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை. நீதான் அதை உண்மையாக்க வேண்டும்.

என் மருமகள் பெமிலாவுக்கு என் முத்தம், வேலைக்குப் போகிற நாளில் காலையில் சாப்பிடாமல் ஓடக் கூடாது என்று சொல். குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உங்களைக் காப்பாராக, உங்கள் கால் கல்லில் இடறாமல் தாங்குவாராக. டயர் கல்லில் இடறினால் மாற்ற வேண்டியது நீதான்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்னியை மாட்டியதும் ரெனிஷாவை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடு. வாயை மூடி நிற்கிற படம் எனக்கு வேண்டாம். அவள் பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்க வேண்டும், அந்த ஓட்டை எனக்குத் தெரிய வேண்டும். அது வந்து சேரும் வரை வண்டி வீட்டு முன்னாலேயே நிற்கட்டும், நானும் வாசலிலேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்த
உன் அம்மா
தேவகனி