கச்சேரிக்குத் தலையில் என்ன வைப்பது

பாய்,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. உள்ளே அந்தக் கம்பளிக் கோட்டு. மதராஸுக்குக் கிளம்பும்போது இதை எடுத்து வைக்கிற காரியத்தைப் பெங்களூர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். இங்கே மார்கழியில் பல் தந்தியடிக்கிறது. உலகமெல்லாம் அப்படித்தான் என்று நம் ஊர் ஆசாமிக்கு ஒரு நினைப்பு. முதல் தடவை நீங்களும் நானும் அப்படித்தான் போனோம். ஜோலார்பேட்டை தாண்டியதுமே வியர்த்துக் கொட்டியது. நீங்கள் கோட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டீர்கள். நான் கழற்றவில்லை. மதராஸ் தானிய மண்டிக்காரர்கள் யாராவது ஸ்டேஷனில் பார்த்தால் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாமா?

பதில் வராது என்று தெரிந்தும் கடிதம் எழுதுவது வியாபாரிக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தோல் மண்டி, எனக்கு ராணுவ லாயங்களுக்குக் கொள்ளு சப்ளை. சங்கீதம் எனக்கு அப்போது கொள்ளும் தவிடும் போல. எது எதுவென்று தெரியும், ருசி தெரியாது. நீங்கள் அப்படியில்லை. பிரேசர் டவுன் வீட்டில் ஒரே பாடகரின் கிராமபோன் தட்டைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டீர்கள். ஒரு தடவையாவது அவர் எதிரில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. பணம் தடையில்லை, லீவு கேட்க மேலே ஒருவரும் இல்லை. சிவப்புத் துருக்கித் தொப்பியோடு, மார்கழிக்கு மார்கழி அவர் பாடுகிற மதராஸ் சபைக்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் வருஷக்கணக்காக உங்களை நிறுத்தி வைத்திருந்தது. உங்கள் அண்ணன் வேறு, "வாசல்லயே நிறுத்திப்புடுவான். மானத்தோட வூட்டுல கெட" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேர்வழி அடைத்திருந்தால் சுற்றுவழி பார்க்கிறவன் நான். "பாய், எங்கிட்ட சரிகைத் தலைப்பாகை ரெண்டு இருக்கு. ஒண்ணைக் கட்டிக்குங்க. மைசூர் அரமனை உத்தியோகஸ்தர்னு நெனச்சுக் கும்பிட்டு உள்ள விடுவான்" என்றேன்.

நீங்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினீர்கள். "நீங்க கட்டிக்குங்க கொள்ளுக்காரரே, அழகாத்தான் இருக்கும். எனக்கு வேணாம். அவரு நல்லாப் பாடற எடத்துல நான் சபாஷ் போடுவேன். திரும்பிப் பாப்பாரு. யாரு போட்டதுன்னு அவருக்குத் தெரியணுமில்ல?"

என் யோசனை ஒன்றும் கெட்ட யோசனை இல்லை; இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு மேல் பேரம் பேசாமல் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினேன்.

வாசலில் டிக்கெட் கிழித்தவன் உங்கள் தொப்பியைப் பார்த்தான், டிக்கெட்டைப் பார்த்தான், விட்டுவிட்டான். ஓலைப் பந்தலுக்குள் சில தலைகள் திரும்பின. நீங்கள் நேராக நடந்தீர்கள். கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக நான் பின்னால் வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உங்கள் விரல்கள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தேன்.

பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பின்னாலிருந்து ஒருவர் நாற்காலியைத் தட்டினார். "சார், சார்! மறைக்கறது!"

உங்கள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. திரும்பி, மண்டியில் கத்துகிற குரலில் கேட்டேன்: "ஏன், அவர் தொப்பிக்கு என்ன இப்ப?"

"தொப்பியா? அது பாட்டுக்கு இருக்கட்டும் ஓய்! உம்ம தலைப்பாகையைச் சொல்றேன். கோபுரமாட்டம் நிக்கறது. வித்வான் மூஞ்சியே தெரியலை!"

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நீங்கள். "அரே, எனக்குக் கட்டி வுடப் பாத்ததை நீங்களே அவுக்க வேண்டியதாப் போச்சே!" என்று என் காதில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்தேன். வந்தது வரட்டும் என்று கோட்டையும் கழற்றினேன். பந்தலுக்குள் காற்று வீசுகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் ஒரு ராகத்தை எடுத்து, மேலே போய், இனி இடமில்லை என்று நான் நினைத்த இடத்துக்கும் மேலே போய் நின்றார். நீங்கள் போட்டீர்கள் சபாஷ். அவர் திரும்பினார். அத்தனை தலைகளுக்கு நடுவில் சிவப்பாய் ஒன்றே ஒன்று. அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. பாடிக்கொண்டே கையை உயர்த்தி உங்களைப் பார்த்துத் தலையசைத்தார். "பாத்தீங்களா?" என்றீர்கள்.

அதன்பின் எத்தனையோ மார்கழி சேர்ந்து போனோம். ருசியும் எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு, போன வருஷம்தான் முதல் தடவையாகத் தனியாகப் போனேன். மல் சட்டை, நாலு முழ வேட்டி, வெறுந்தலை. பக்கத்து நாற்காலிக்காரர் என் வைரக் கடுக்கனைப் பார்த்துவிட்டு, "சாருக்கு எங்கே உத்தியோகம்?" என்று மரியாதையாக விசாரித்தார்.

"உத்தியோகமெல்லாம் இல்லீங்க. பெங்களூர்ல குதிரைக்குக் கொள்ளு விக்கிறேன். முன்னாடி அந்த மூட்டையைத் தலையில தூக்கினவன்" என்றேன்.

மனுஷர் சற்றே நகர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. நன்றாகச் சாய்ந்துகொண்டேன், பாய். ராகம் மேலே போய் நிற்கிற அந்தக் கட்டம் வந்ததும், பந்தல் முழுக்கக் கேட்கும்படி சபாஷ் போட்டேன்.