போன் பண்ணிவிட்டு வருகிறவள்

நெப்ராஸ்கா
அக்டோபர் 9, 1996

அன்புள்ள ஆர்லீன்,

முழங்கால் வலி தேவலையா? போன வியாழக்கிழமை நீ வந்து போனதிலிருந்து ஜோலின் உன் பேச்சாகவே இருக்கிறாள். மூன்று துண்டு ஆப்பிள் பை தின்றாளே, பார்த்தாயா! பெற்றவள் பட்டினி போட்டதால் கோர்ட் என்னிடம் வளர்க்கக் கொடுத்த பிள்ளை, ஒன்பது வயதென்று யார் சொல்வார்கள்? இன்னும் சதை பிடிக்கவில்லை என்று கவலைப்படாதே, அவள் உடல்வாகு அப்படி.

பிள்ளைகளுக்காகப் பேச கோர்ட் அனுப்பும் மற்ற தொண்டர்கள் எல்லாம் திடுதிப்பென்று வந்து கதவைத் தட்டுகிறார்களாம். நீ மரியாதை தெரிந்தவள், முந்தின நாளே போன் பண்ணிவிடுகிறாய். எனக்கும் ஆப்பிள் பை சுட நேரம் கிடைக்கிறது. நீதிபதியிடம் எனக்காக நல்ல வார்த்தை சொல். அவள் இங்கேயே இருக்கட்டும்.

உன்
பெர்னிஸ்

நவம்பர் 14

அன்புள்ள பெர்னிஸ்,

சொல்லிவிட்டேன்! நேற்று கோர்ட்டில் ஜோலினுக்காக எழுந்து நின்று, "இந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வீடு கெடைக்காதுங்க ஐயா" என்று சொன்னேன். நீதிபதி தலையாட்டினார். சம்பளமில்லாத வேலைதான், ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே காரோட்டினேன்.

சொல்லாமல் போய்ப் பாருங்கள் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். சிநேகிதி வீட்டுக்குப் போலீஸ்காரி மாதிரியா போவது? உன் ஆப்பிள் பை தட்டு என்னிடம்தான் இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவருகிறேன். ஒன்றே ஒன்று, பிள்ளை முன்னைவிட இளைத்திருக்கிறாளே? டாக்டரிடம் காட்டு.

அன்புடன்
ஆர்லீன்

டிசம்பர் 20

ஆர்லீன்,

பனிப்புயலில் போன் கம்பி அறுந்துவிட்டதென்றால் நீ பேசாமல் உன் வீட்டிலேயே இருந்திருக்கலாம். சொல்லாமல் வந்தாய். என் சமையலறையில் ஃபிரிட்ஜைச் சுற்றிப் பூட்டியிருந்த சங்கிலியைப் பார்த்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நேரே நீதிபதியிடம் போனாய்.

திருடித் தின்கிற பிள்ளையை வேறு எப்படித் திருத்துவது? வேளைக்கு ஒரு தட்டு போடத்தான் செய்தேன். கோர்ட் ஆட்கள் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது தெருவே வேடிக்கை பார்த்தது. வருஷம் முழுக்க என் மேஜையில் உட்கார்ந்து தின்றுவிட்டு முதுகில் குத்திவிட்டாய். நன்றாக இரு.

பெர்னிஸ்

ஜனவரி 17, 1997

பெர்னிஸ் அவர்களுக்கு,

உங்கள் தட்டைக் கழுவி உங்கள் வாசலில் வைத்துவிட்டேன்.

முதுகில் குத்தியது யார் என்று நான் சண்டை போடப் போவதில்லை. ஜோலினைப் புது வீட்டில் போய்ப் பார்த்தேன், போன் பண்ணாமல். என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் பேசினாள்.

"நீங்க போன் பண்ணினா சங்கிலியக் கழட்டுவாங்க. அதான் நீங்க வர்ற அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருக்கும். நீங்க போனதும் மறுபடி மாட்டிடுவாங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. உங்கள் ஆப்பிள் பையை அவளோடு உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் தின்றவள் நான், எப்படி நம்புவாள்?

தனக்காகப் பேச வேறு யாரையாவது போடுங்கள் என்று நீதிபதியிடம் அவளே கேட்டாள். எனக்கு எதிரிலேயே கேட்டாள். அவர் சரியென்றார். என்னை முட்டாளாக்கியதைக்கூட மறந்துவிடுவேன். அந்தப் பிள்ளை கண்ணில் என்னையும் உங்கள் ஆளாக்கிவிட்டீர்கள், அதை மன்னிக்க மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

ஆர்லீன்