கண்ணை மூடிக் கேட்ட இரண்டு பியானோக்கள்

டீச்சரம்மாவுக்கு,

நீ வகுப்புக்குப் போனபின் நடந்தது இது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு. உன் தம்பி ஜன்னல் திட்டில். நான் சோபாவில், கண்ணை மூடிக்கொண்டு. அது ட்யூனர் உத்தரவு. லேப்டாப் வீடியோ அழைப்பில் வெளிநாட்டுக் கடைக்காரர் தன் கடையிலிருந்த இரண்டு கிராண்ட் பியானோவிலும் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தார். எது எதென்று எனக்குச் சொல்லவில்லை. முதல் ஒலி எட்டு எண்ணுவதற்குள் அடங்கியது. இரண்டாவது இருபதைத் தாண்டியும் நின்றது.

"இதுதான்! நான் சொன்ன புதுசு!" என்று குதித்தேன்.

"மாமா, இது அக்கா கேட்ட பழசு. உங்களோடது எட்டுலயே படுத்துடுச்சு," என்றான் உன் தம்பி. ட்யூனர் சிரித்தேவிட்டார்.

பழசின் விலை புதுசைப்போல் ஒன்றரை மடங்கு. இருக்கட்டும், கார் அடுத்த வருடம் வாங்கலாம். "பழசுக்கா இவ்வளவு?" என்று நேற்று கத்தியதை மறந்துவிடு.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்குத் தச்சர் வருவார். பியானோ நுழையுமா என்று வாசற்கதவை அளக்கச் சொல்.

பி.கு. கடைக்காரருக்கு அனுப்பும் ஒப்பந்தக் கடிதத்தில் வாங்குபவர் நீதான். உறையை ஒட்டிவிட்டேன். தபால் நிலையம் மூடுவதற்குள் சேர்க்க ஓடுகிறேன். தபாலில் சேர்ந்துவிட்டால் நீயே வேண்டாமென்றாலும் வாங்குவது நிற்காது.