வெள்ளிக்கிழமை அந்தியில் ஒரு கிண்ணம் உப்பு

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். உன் வாசற்படி ஏறி, கதவைத் தட்டக் கையை ஓங்கிய பிறகுதான் பூட்டு கண்ணில் பட்டது. புதுப் பூட்டு ஒன்றும் இல்லை. போன வெள்ளியும் பார்த்தேன், அதற்கு முந்தின வெள்ளியும் பார்த்தேன். பார்த்தால் மட்டும் புத்தி வந்துவிடுகிறதா? கதவிடுக்கில் மூக்கை வைத்தேன். உப்பும் ஆட்டுத்தோலும் கலந்த அந்த வாடை இன்னும் உள்ளே இருக்கிறது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற வாடை. நான் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். என் எதிர்வீட்டம்மா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும்.

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வராது. உன் தங்கை போடுகிற கடுதாசியைக்கூட நான்தான் படித்துக் காட்டுவேன். "சுருக்கமாப் படி, அவ சொல்றதுல பாதி பொய்யி" என்பாய். இதில் பொய் இல்லை. சுருக்கமாகவும் இருக்காது.

நாங்கள் ரங்கூனை விட்டுக் கப்பலேறியபோது எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், சொந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று. யாருக்குச் சொந்த ஊர்? என் அப்பாவின் அப்பா விட்டுவிட்டுப் போன ஊர். நான் பிறந்தது ரங்கூன் மில் குடியிருப்பில். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்கம்பக்கம் எல்லாம் பர்மாக்காரர்கள். மெட்ராஸில் இறங்கி, முகாமில் கிடந்து, என் வீட்டுக்காரருக்கு இங்கே லாரி ஓட்டும் வேலை கிடைத்து தர்மபுரிக்கு வந்தோம். எனக்கு இது வேற்று தேசம். பேச்சு மட்டும் என்னுடையது. அது இன்னும் கொடுமை. புரியாத பாஷையாக இருந்தால் ஏசுவதாவது புரியாமல் போகும்.

சிநேகம் பிடிக்க நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். ரங்கூனில் அது பெரிய வித்தை இல்லை. ஒரு பாத்திரம் மொய்ங்காவோடு, அதுதான் மீன் குழம்பு ஊற்றின சேமியாவோடு, பக்கத்து வீட்டில் நுழைந்து உட்கார்ந்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் சொந்தக்காரி ஆகிவிடலாம். அதே நினைப்பில் ஏரி மீன் வாங்கி, வாழைத்தண்டு போட்டுக் குழம்பு காய்ச்சி, சேமியாவுக்குப் பதில் இடியாப்பம் பிழிந்து, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். போன நாள் புரட்டாசி சனிக்கிழமை. அந்த வீட்டுக்காரர் நாமம் போட்டுக்கொண்டு, கையில் சொம்போடு கோவிந்தா சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே நான் மூடியைத் திறந்தேன்.

இதை உனக்குச் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தம்மா என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு, நான் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்தாள், நான் நகர்வதற்கு முன்பே.

சரி, மீன்தானே தப்பு, வெறும் உப்பு கேட்டால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு கிண்ணம் உப்பு வாங்கினால் நாளைக்குத் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போகலாம். அப்படி ஒரு திட்டம். போனேன். அதே எதிர்வீட்டுக்குத்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய நேரம். அப்போது உப்பு கேட்டால் வீட்டு லட்சுமியைக் கேட்பது மாதிரி என்று எனக்குச் சொல்லித்தர அம்மாவா இருந்தாள்? "வெளக்கு வெச்ச வூட்ல வந்து உப்பு கேக்குது பாரு, வெளங்குமா?" என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் அவர்கள் எருமை கறக்க விடாமல் உதைத்ததாம். அந்தப் பழியும் என் தலையில் விழுந்தது. குழாயடிக்கு நான் போனால் குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். "பர்மாக்காரி கண்ணு பட்டா பாலு வத்திப்போவுமாம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள்.

என் வீட்டுக்காரர் லாரியேறினால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வந்தாலும் தூங்கத்தான் வருவார். பேச ஆளில்லாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் என்னைப் பார்த்து, "எங்கம்மா போறீங்க?" என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். "கம்பைநல்லூர்" என்பேன். "இந்த வண்டிதாங்க, ஏறுங்க" என்பார்கள். இன்னொரு நாள் "கடத்தூர்" என்பேன். "அது அந்தப் பக்கம்" என்று கை காட்டுவார்கள். அந்த ஊர்களில் எனக்கு யாரைத் தெரியும்? ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுக்குத்தான் வெயிலில் நடந்து போனேன். ஒருநாள் கம்பைநல்லூர் வண்டிக் கண்டக்டர், "ஏம்மா, தெனமும் கேக்கறீங்க, ஏறவே மாட்டேங்கறீங்களே, வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்றார். நல்ல மனிதர்தான், பாவப்பட்டுத்தான் கேட்டார். அந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. அதோடு அங்கேயும் போகவில்லை.

அடுத்ததை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பை மெழுகிவிட்டு, பின்கட்டுக் கிணற்றடியில் போய் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் இறைக்கப் போகவில்லை. எதற்குப் போனேன் என்று உனக்கு விளங்கும். அப்போதுதான் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். என் கதவைத் தட்ட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அந்த அதிசயத்தைப் பார்க்கத்தான் திரும்பி வந்தேன்.

முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தோடு நீ நின்றுகொண்டிருந்தாய். தெருக்கோடி பாய் வீட்டுப் பெண் என்று மட்டும்தான் தெரியும்.

"கொஞ்சம் உப்பு இருந்தா குடுங்க" என்றாய்.

"வெள்ளிக்கிழமைங்க. குடுத்தா ஆகாதாமே" என்றேன்.

"யாருக்கு ஆகாது? உங்களுக்கா, எனக்கா?"

"தெரியலீங்க."

"எனக்கும் தெரியலீங்க. ரெண்டு பேருக்கும் தெரியாதப்ப குடுங்க, பாத்துக்கலாம்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாய். எதிர்வீட்டம்மா, குழாயடிக்காரிகள் எல்லாரும் பார்க்கும்படி கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாய். நான் ஜாடியோடு எடுத்து வந்து நீட்டினேன். கிண்ணத்தில் கொட்டிய அவசரத்தில் பாதி உப்பு தரையில் சிந்தியது. நீ ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினாய். அவசரமே படவில்லை. பொறுக்கிக்கொண்டே என் ஊரைக் கேட்டாய், கப்பலைக் கேட்டாய், ரங்கூனில் மழை எப்படிப் பெய்யும் என்று கேட்டாய். நான் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நீ போனபின் அடுப்பு மூட்டிச் சோறாக்கினேன். கிணற்றடிக்குத் திரும்பிப் போகவில்லை.

நாலைந்து நாள் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். நடையில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் முழுக்க உப்பு மூட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக என் தலைக்கு மேல் அடுக்கியிருந்தது. உன் வீட்டுக்காரர் தோல் மண்டி வைத்திருந்தார், பச்சைத்தோல் அழுகாமல் இருக்கப் போட மூட்டை மூட்டையாக உப்பு இறங்குகிற வீடு அது. அந்த வீட்டிலிருந்துதான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் உப்பு கேட்டு வந்திருக்கிறாய். நான் மூட்டையைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். நீ கொஞ்சம் வெட்கப்பட்டாய்.

"அது தோலுக்குப் போடற உப்பு. கொழம்புக்கு ஆகாது" என்றாய். அதுவும் பொய். அதே உப்பைத்தான் குழம்புக்குப் போடுகிறாய் என்று பிற்பாடு கண்டுபிடித்தேன்.

அப்புறம்தான் நிஜத்தைச் சொன்னாய். "எங்க வூட்டுப் பக்கமும் யாரும் வர்றதில்லீங்க. தோலு நாத்தம். கல்யாணமாயி வந்ததுலேர்ந்து இந்த மூட்டைங்களோடதான் பேசிக்கிட்டிருக்கறன். உங்கள கொழாயடில ஒதுக்கறாங்கன்னு கேள்விப்பட்டன். சரி, ஒதுக்கினவங்க ரெண்டு பேரு இருந்தா அது ஒரு ஜோடின்னு வந்துட்டன்."

அன்றைக்கு நீ சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னை இந்த ஊரில் இருக்க வைத்தது. "எங்களுக்கு வெள்ளிக்கெழம பெரிய நாளு. பெரிய நாள்ல கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக்கூடாது. உனக்கு உப்பு வேணும்னா வெள்ளிக்கெழம சாயங்காலம் வா. இந்தத் தெருவுல அன்னிக்குத் தொறந்திருக்கற கதவு இது ஒண்ணுதான்." பேசிக்கொண்டிருக்கும்போதே 'ங்க' போய் 'நீ' வந்துவிட்டதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'உனக்கு' என்ற சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தேன்.

தெரு என்னை பர்மாக்காரி என்றது. நீயும், "ஏ பர்மா, வந்தியா?" என்றுதான் கூப்பிடுவாய். ஒரே பேர்தான், வாய்தான் வேறே. நானும் விடாமல் உன்னை மண்டிக்காரி என்பேன். நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாய், நான் மொய்ங்கா கொடுத்தனுப்பினேன். "இது என்ன, மீனு இடியாப்பத்துல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டு வழித்துச் சாப்பிட்டாய். பிள்ளையில்லை என்று யாரோ என்னைக் குத்திக் காட்டியபோது, எனக்காகத் தெருவில் இறங்கிச் சண்டை போட்டாய். முக்காடு தோளில் விழுந்தது தெரியாமல் சண்டை போட்டாய். அந்தப் பஸ் ஸ்டாண்டு கதையைக் கேட்டதும் ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய், நிஜமாகவே கம்பைநல்லூர் வண்டியில் ஏற்றினாய். இறங்கி, டீ குடித்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தோம். "பாத்துக்கிட்டியா? இதான் உன் கம்பைநல்லூரு" என்றாய்.

போன மாசிக்கு முன்னால் உனக்கு வயிற்றில் வலி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். வண்டியில் ஏறும்போது, "வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருவன், உப்பு வேற யார்கிட்டயும் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாய். வரவில்லை. அங்கேயே போய்விட்டாய். வாணியம்பாடியில் உன் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குச் சேதி வந்தது எல்லாம் முடிந்த பிறகு. முகம்கூடப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் மண்டியைக் கைமாற்றிவிட்டு, சாமான் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்கே குடி போய்விட்டார்.

இத்தனை வருஷத்தில் தெருவும் மாறித்தான் இருக்கிறது. குழாயடியில் எனக்கு இடம் விடுகிறார்கள். எதிர்வீட்டம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது, கோபமும் குறைந்துவிட்டது. "மனசத் தேத்திக்கோங்க. ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை அந்தியில் கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவளிடம் கேட்டு வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்? ஊர் முழுக்க இன்றைக்கு என்னோடு பேசுகிறது. யாரிடமும் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வந்திறங்கிய நாளில் இருந்ததைவிட இப்போது இந்த ஊர் எனக்கு அந்நியமாகக் கிடக்கிறது. அன்றைக்கு யாரையும் தெரியாது. அதனால் யாரையும் தேடவில்லை.

பின்கட்டுக் கிணறு அப்படியே இருக்கிறது. பயப்படாதே. அந்தப் பக்கம் போனால் வாசலில் யாரோ தட்டுகிற மாதிரியே இருக்கிறது, திரும்பி வந்துவிடுகிறேன். யாரும் இருப்பதில்லை. ஆனாலும் வந்துவிடுகிறேன்.

நீ ஒருமுறை என் வீட்டுக்கு வந்தபோது ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டாய். அப்போதுதான் உன்னிடம் உப்பு வாங்கி வந்திருந்தேன். அந்த உப்பு இன்னும் கிண்ணத்திலேயே இருந்தது, ஜாடியோ ஏற்கெனவே கழுத்து வரை நிறைந்திருந்தது. நீ மூடியைப் போட்டுவிட்டு, "தெரியும் பர்மா. அடுத்த வெள்ளிக்கும் வா" என்றாய்.

இன்றைக்குக் கிண்ணத்தோடு உன் வாசலில் நின்றேனே, இப்போதும் ஜாடி நிறைய உப்பு இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.