கறம்பக்குடி வண்டி

ஆவூர்,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து எழுதுவது

அன்பு மகள் சோபியாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் ஷெரினும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இன்று காலைப் பூசையிலும் கேட்டுக்கொண்டேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். இந்த வண்டிப் பேச்சை எடுத்தாலே நீயும் சத்தம் போடுகிறாய், நானும் சத்தம் போடுகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இன்னாசியம்மாள் மகன் புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான், அவனிடம் அம்மா கட்டி வைத்திருக்கிற மணமேல்குடிக் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன், டூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து படி. நீ பதறிக்கொண்டே படிக்கக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை.

ஷெரின் லேபில் சேர்ந்ததிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு காத்திருக்கிற சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கு விடிந்ததும் போய்ச் சேர வேண்டும், நம் ஊருக்கு வருகிற பஸ் அவள் அவசரத்துக்கா வரும். போன மாதம் ஒரு பெரியவர் இவளுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். அதன் பிறகுதான் வண்டி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள், மண்ரோட்டுக்கு ஸ்கூட்டி சரிப்படாது, பைக்தான் வேண்டும் என்றாள். புது வண்டிக்கு நீ அனுப்புகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன், கட்டிக்கொடுத்த பெண்ணிடம் கேட்டு இன்னொரு பெண்ணுக்கு வாங்குவதா என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த நேரத்தில்தான் கறம்பக்குடிப் பக்கம் ஒரு வண்டி விலைக்கு இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு தடவை விழுந்த வண்டி, வேலை பார்த்தாகிவிட்டது என்று அதிலேயே போட்டிருந்தார்கள், மறைக்காமல் சொல்கிறவர்கள் என்று எனக்குப் பிடித்துப்போனது. விழுந்த வண்டி வேண்டாம்ப்பா, வார்டில் தினமும் பார்க்கிறேன் என்று நீ வாய்ஸ் போட்டாய். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக ஓடினவன், வண்டியைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வேன் என்று நான் பதில் போட்டேன். அந்தப் பதிலை இப்போது எடுத்துக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நானும் ஷெரினும் புதுக்கோட்டை போய் பஸ் மாறிப் போனோம். கறம்பக்குடியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஓட்டு வீடு. வெற்றிசெல்வன் என்று பெயர், நாற்பது வயது இருக்கும், நெல் அரவை மில்லில் வேலை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். அவர் ஒன்றும் பேசவில்லை, மனைவி திலகவதிதான் எல்லாம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. போன வருஷம் இரண்டு பேரும் இந்த வண்டியில் வரும்போது ஆற்றுப்பாலத்து முக்கில் விழுந்திருக்கிறார்கள். அவருக்குக் கால், இந்தப் பெண்ணுக்குத் தோள். அதுவரை வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, இப்போது தையல் மிஷின் மூடிக் கிடக்கிறது. அவர் குடித்திருந்தார் என்று ஊரில் பேசினார்களாம், குடிப்பழக்கமே கிடையாது என்று திலகவதியே சொன்னது, ஆனால் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்ததற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லையாம், மில்லுக்கு நடந்துதான் போகிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் மூன்றாவது மனிதர் மூலமாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது எனக்கு, சாவியைக்கூட அவரை எடுத்துத் தரச் சொல்லாமல் திலகவதியே ஆணியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தது.

வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன், என்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, எனக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று ஷெரின்தான் கேட்டாள், திலகவதியும் தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றது. அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். பிரேக் பிடித்தால் ஹேண்டில் இடது பக்கம் இழுக்கிறது என்று வழியிலேயே சொன்னாள், கைக்குப் பழகாத வண்டி, அதுதான் என்று நான் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிவா என்று ஒரு மெக்கானிக், சின்ன வயதுதான். சத்தமெல்லாம் அவன் கேட்கவே இல்லை, டேங்கைக் கழற்று, முன் லைட்டைக் கழற்று என்று கழற்றிவிட்டு, ஹேண்டிலும் முன் சக்கரமும் சட்டத்தோடு வந்து சேருகிற இடத்தில், வண்டிக்குக் கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்தான். பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பழைய வெல்டிங். அதன் ஓரமாக ஒரு முறிவு, பாதிக்கு மேல் சுற்றிப் போயிருந்தது. இதில் இரண்டு பேர் உட்கார்ந்தா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு எங்களையே மாறி மாறிப் பார்த்தான். நான் பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன். ஷெரின் மட்டும் குனிந்து அந்த முறிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள், எனக்கெல்லாம் அது தோன்றியே இருக்காது.

"விழுந்ததுனால இது ஒடஞ்சதா, இல்ல ஒடஞ்சதுனால விழுந்தாங்களா?"

சிவா துணியால் துடைத்து மறுபடியும் பார்த்தான். முறிவில் பெரும்பாகம் கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது, அது வெகுகாலத்துக்கு முந்தையது, கடைசியில் கொஞ்சம்தான் பிற்பாடு விரிசல் விட்டது என்றான். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன், ஆனால் இப்படி ஒரு கழுத்தோடு பாலத்து முக்கில் எவன் திரும்பினாலும் விழத்தான் செய்வான் என்றும் சொன்னான்.

நான் செய்ய நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சாவியைக் கொடுத்துவிட்டு, எங்களுக்குச் சரிப்படவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றேன். அடுத்தவர் வீட்டு விஷயம், விலையைக் குறைக்கக் கதை கட்டுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். ஷெரின் கேட்கவில்லை. நாம் சொல்லாமல் போனால் அடுத்து வாங்குகிறவன் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவான் என்றாள், அதைவிட, அந்த அண்ணனுக்கு இது தெரிய வேண்டாமா என்று கேட்டாள். வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, சிவாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனோம்.

வண்டி ஆட்டோவில் வருவதைப் பார்த்ததும் வெற்றிசெல்வன் வெளியே ஓடி வந்து, பாப்பா விழுந்துவிட்டதா என்றுதான் கேட்டார். அவர் அன்றைக்கு எங்களிடம் பேசின முதல் வார்த்தை அது. சிவா வாசலிலேயே இறக்கி வைத்துக் காட்டினான். இவர் வாங்குவதற்கு முன்பே யாரோ விழுந்து, அதைப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள், இவர் விழுந்த பிறகு வேலை பார்த்தவர்களும் டேங்கைக் கழற்றிப் பார்க்கவில்லை என்று சொன்னான். அவர் தஞ்சாவூரில் பழைய வண்டியாகத்தான் வாங்கினாராம். துருவேறின இடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். ஹேண்டில் என் கையில் நிற்கவில்லை என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொன்னேன் என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி.

திலகவதி கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. அன்றைக்குத் தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு பேருக்கும் வழியெல்லாம் சண்டையாம், அது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் பேசுன பேச்சுல, கோவத்துல ஹேண்டில ஒடிச்சுத் திருப்பிட்டீங்கன்னுதாங்க இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றது.

அவர் துருவிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் திலகா. ஒடிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார், தண்ணீர் அள்ளி முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நாங்கள் கிளம்பப் பார்த்தோம், திலகவதி விடவில்லை, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டுவிட்டது. ஒரு கையால் சோற்றுப் பானையைச் சாய்க்க முடியாமல் நின்றபோது அவர் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் அவரே சிவாவிடம், இதை இனி யாரும் ஓட்டக் கூடாது, என்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு சட்டத்தை அறுத்துப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டார். விற்றிருந்தால் அவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும், அதை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை அந்த மனிதர்.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. நீ சொன்னது சரி, நான் பேசினது தப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை, எழுந்துபோய் ஷெரின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஷெரினுக்கு நீ புது வண்டி எடுத்துக் கொடுப்பதானால் கொடு, அக்காவும் தங்கையும் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம், நான் குறுக்கே வர மாட்டேன். அதுவரை லேபில் சொல்லி நடந்துபோகிற தூரத்து வீடுகளாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் குழந்தைக்கு மூச்சு இழுத்ததே, இந்த வருஷம் இப்போதே டாக்டரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. நைட் டூட்டி முடிந்து வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. கருவாட்டை ஃபிரிட்ஜில் வைக்கும் முன் ஒரு வெயில் காட்டச் சொல்கிறாள் அம்மா. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இதை ஒட்டப்போகிற நேரத்தில் திலகவதியிடமிருந்து ஷெரினுக்குப் போன் வந்தது. தோளுக்குப் பயிற்சி கொடுக்கப் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போனார்களாம். பஸ்ஸில் இல்லை, பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு அவர் ஓட்டியிருக்கிறார், இந்தப் பெண் பின்னால் உட்கார்ந்து போய் வந்திருக்கிறது. வேறு விஷயம் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டதாம்.

என்றும் உன் நலம் கேட்டிருக்கும்
அப்பா
ம. சந்தனராஜ்