வாளிக்குள் பிள்ளை பெற்ற ஆண் குதிரை

என் அருமை மெற்றில்டா,

நீ சொன்னது உண்மையடி! சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு, முதலில் இதைக் கேள். ஆண் கடற்குதிரைதான் பிள்ளை பெறுகிறது. என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன்.

மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து வந்து எங்கள் சுன்னாகத்துத் தோட்டத்தில் நீ வெங்காயம் பிடுங்கிய காலத்தில், ஒருநாள் இதைச் சொன்னாய். "எங்கடை கடலிலை ஆண் குதிரைதான் வயித்திலை சுமந்து பெறும், தெரியுமே?" என்றாய். தோட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரர், "அப்ப நாங்களும் ஆசுப்பத்திரியிலை இடம் பிடிக்கவேணும்போலை" என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். நானும் சேர்ந்துகொண்டு, "உவளின்ரை புளுகை விடுங்கோ" என்றேன். நீ பிடுங்கிய வெங்காயத்தின் மண்ணை உதறிக்கொண்டிருந்தாய். கோபமா, வெட்கமா?

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தனியே இருக்கும்போது நீ என்னைச் சொந்தம் கொண்டாடி "மச்சாள்" என்பாய், நானும் "ஓம்" என்பேன். சாதி பார்க்கும் என் சொந்தக்காரர் வரம்பில் நின்றால் மட்டும் காது கேளாததுபோல் குனிந்துகொள்வேன். உன் மகள் ஜெனிற்றா ஒருமுறை "மாமி" என்று கூப்பிட்டபோது, "அன்ரி எண்டு சொல்லு பிள்ளை" என்று திருத்தினேன். நீங்கள் ஊர் திரும்பியபின் மயிலிட்டியில் நடந்த உன் செத்தவீட்டிலும் வாசல் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

சரி, கதைக்கு வாறன். போன சனிக்கிழமை மீன் வாங்க இவரும் நானும் மயிலிட்டிக்குப் போனோம். முதல் நாள் அடித்த காற்றில் கரை முழுக்கப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. அதற்குள் ஏதோ துடித்தது. தூக்கினால், விரல் நீளத்தில் ஒரு குதிரை! வால் என் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. வயிறு புடைத்திருந்தது. நீ சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"உதை அங்கை விட்டிட்டு வாரும்" என்றார் இவர்.

"விசரே உங்களுக்கு? உது பெறுதோ இல்லையோ எண்டு நான் பாக்கவேணும்."

மீனுக்குக் கொண்டுபோன வாளியில் கடல் தண்ணீரையும் கொஞ்சம் பாசியையும் போட்டு அதை விட்டேன். மீனை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

மத்தியானம் வாளித் தண்ணீர் சூடாகிவிட்டது. தோட்டக்காரி புத்தி எங்கே போகும்? வாடிய கன்றுக்கு ஊற்றுவதுபோல, கிணற்றில் அள்ளிய குளிர்ந்த தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் குதிரை சரிந்து படுத்தது. ஐயோ, மெற்றில்டா! உன்னைப் பொய்க்காரி ஆக்கியதும் நான், உன் சாட்சியைக் கொல்லப்போகிறவளும் நானா? உடனே ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன அன்ரி, நல்ல தண்ணியே ஊத்தினியள்? கடவுளே! உப்பில்லாட்டில் அது செத்துப்போகும், கெதியாக் கடலுக்குக் கொண்டுவாங்கோ!"

மோட்டார்சைக்கிளின் பின்னால் வாளியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். "மெல்ல ஓடுங்கோ, ஊத்துது" என்பேன். அடுத்த நிமிடம், "கெதியா ஓடுங்கோ, சாகுது" என்பேன். பாவம் மனிசன், நான் சொன்னபடியெல்லாம் ஓடினார். அவருக்கும் பதற்றமும் அந்தரமும் பிடித்துவிட்டது.

ஜெனிற்றா கரையில் காத்துக்கொண்டு நின்றாள். வாளியில் பாதியைச் சாய்த்து ஊற்றிவிட்டு, உள்ளங்கையால் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றோம். வால் அசைந்தது. பாசியைப் பிடித்தது. நிமிர்ந்தது! பிறகு உடம்பை முன்னுக்கு வளைத்து ஒரு உன்னு உன்னியது பார், வயிற்றுப் பையிலிருந்து ஒரு குஞ்சு வெளியே தெறித்தது. பிறகு ஐந்து, பத்து, எண்ணவே முடியவில்லை! சீரகத்தளவு உடம்பு, ஒவ்வொன்றுக்கும் அச்சொட்டாகக் குதிரை முகம்.

இவர் முழங்காலை ஊன்றி வாளிக்குள் தலையை விட்டார். "எடியே, அவள் சொன்னது மெய்தானடி" என்றார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "நீங்கள் தோட்டப் பக்கத்து ஆக்களெல்லோ, ஆண் குதிரைதான் பெறும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"என்ரை மச்சாள்" என்றேன். போதாதென்று இன்னும் உரத்துச் சொன்னேன். "மெற்றில்டா. என்ரை மச்சாள்!"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த முறை நான் குனியவில்லை. உனக்குக் கேட்டதா?

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாசி அடர்ந்த இடத்தில் தகப்பனையும் பிள்ளைகளையும் விட்டோம். கரை ஏறும்போது சேலை காலில் தட்டி விழப்போனேன். ஜெனிற்றா கையைப் பிடித்தாள்.

"பாத்து வாங்கோ மாமி. வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

உன் வீட்டு வாசல்படியை அன்றைக்குத்தான் முதல் முறையாக மிதித்தேனடி.

அடுத்த நினைவுப் பூசைக்கு வருவேன். படலையடியில் நிற்கமாட்டேன். உங்கள் வேதக் கோயிலில் உன் பிள்ளையோடு முன் வரிசை வாங்கில் இருப்பேன். யாராவது யார் என்று கேட்கட்டும், கேட்கவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

உன் மச்சாள்,
சரசு